வரி கூடும் படிவங்கள்: ஜாவா வெப் அப்ளிகேஷனில் டைனமிக் ஃபார்ம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான்: குடும்ப விவரப் படிவம். மேலே முகவரி. கீழே உறுப்பினர் பட்டியல். ஒவ்வொரு உறுப்பினருக்கும் பெயர், வயது, உறவு, 'மாற்றுத்திறனாளி' என்ற செக்பாக்ஸ். சில வீடுகளில் இரண்டு பேர், சில வீடுகளில் பன்னிரண்டு பேர். அதனால் 'உறுப்பினரைச் சேர்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் இன்னொரு உறுப்பினருக்கான பெட்டிகளோடு இன்னொரு வரி வர வேண்டும், நிரப்பியது எல்லாம் பத்திரமாக டேட்டாபேஸுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஃபீல்டு பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஜாவா யூனிகோட் எழுத்துகளை மாறிப் பெயராக ஏற்கும் என்பதால் இவை அப்படியே ஓடவும் செய்யும். வேலையில் உங்கள் குழுவின் வழக்கம் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

புது வரியை ஜேஎஸ்பியில் சேர்ப்பதா, ஜாவாஸ்கிரிப்டில் சேர்ப்பதா?

ஜேஎஸ்பி என்பது ஹெச்டிஎம்எல் பக்கத்தை உருவாக்கும் ஜாவா வார்ப்புரு. அது சர்வரில் ஓடி முடிந்த பிறகுதான் பக்கம் பிரவுசருக்கு வருகிறது. பயனர் பட்டனை அழுத்தும்போது அங்கே ஜாவா எதுவும் இல்லை, ஹெச்டிஎம்எல் மட்டுமே இருக்கிறது. பட்டனின் ஆன்கிளிக்கில் ஜாவா மெத்தடை அழைக்கப் பார்த்து ஒரு நாள் முழுக்கத் திண்டாடியவர்கள் பலர். இந்த ஒரு விஷயம் தெளிவானால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஒரு வெற்று வரியை ஹெச்டிஎம்எல்லின் டெம்ப்ளேட் டேகுக்குள் வைத்து, பட்டனை அழுத்தும்போது ஜாவாஸ்கிரிப்டால் நகலெடுத்து ஒட்டுவது. இரண்டு, 'சேர்' பட்டனையே சப்மிட் பட்டனாக்கி, சர்வரில் லிஸ்டில் ஒரு வெற்று ஆப்ஜெக்டைச் சேர்த்து, பக்கத்தை மறுபடி வரைந்து அனுப்புவது. பக்கங்களை வரையும் தைம்லீஃப் லைப்ரரி, ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்குக்காகத் தரும் பாடத்தில் வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் இப்படித்தான் காட்டப்பட்டிருக்கிறது. மூன்று, ஒரு வரிக்கான ஹெச்டிஎம்எல் துண்டை மட்டும் சர்வரிலிருந்து வாங்கி ஒட்டுவது. ஹெச்டிஎம்எக்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது பழக்கமான வழி.

என் தேர்வு: வரி எளிமையாக இருந்தால் முதல் வழி. வரிக்குள் இருக்கும் டிராப்டவுன் பயனரின் அனுமதியையோ டேட்டாபேஸையோ பொறுத்து மாறுமென்றால் மூன்றாவது. இரண்டாவது வழி ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏதாவது ஒரு பெட்டியில் என்டர் தட்டினால் பிரவுசர் ஃபார்மின் முதல் சப்மிட் பட்டனை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். 'சேர்' மேலேயும் 'சமர்ப்பி' கீழேயும் இருந்தால், என்டர் தட்டத் தட்ட வரி கூடிக்கொண்டே போகும்.

'சேர்' பட்டனை அழுத்தினால் ஃபார்மே சப்மிட் ஆகிவிடுகிறதே?

பட்டன் டேகுக்கு டைப் கொடுக்காவிட்டால் அது சப்மிட் பட்டன்தான். டைப்பை 'பட்டன்' என்று எழுதுங்கள்.

பக்கத்தில் முதலிலிருந்தே இருந்த வரிகள் வருகின்றன, பிறகு சேர்த்தவை சர்வ்லெட்டில் (ரிக்வெஸ்டை வாங்கும் ஜாவா கிளாஸில்) நல், அதாவது மதிப்பே இல்லை, என்று ஆகின்றன. ஏன்?

முதலில் நேம் அட்ரிபியூட் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் அனுப்புவது நேமை வைத்துத்தான். ஐடி எவ்வளவு அழகாக இருந்தாலும் சர்வருக்கு அது தெரியாது. அடுத்து, அந்த ஃபீல்டு டிசேபிள் ஆகியிருக்கிறதா? டிசேபிள் ஆனது அனுப்பப்படாது. பயனர் மாற்றக் கூடாது, ஆனால் மதிப்பு வந்து சேர வேண்டும் என்றால் ரீட்-ஒன்லி போடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஃபார்ம் டேகை டேபிள் டேகுக்குள் நேரடியாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே ஃபார்ம் இருப்பது ஹெச்டிஎம்எல் விதிப்படி தவறு. பிரவுசர் அதைப் படிக்கும்போது, திறந்த கையோடு ஃபார்மை மூடிவிடும். ஆனாலும் பக்கத்தைப் படித்துக்கொண்டே போகும்போது எதிர்ப்படும் பெட்டிகளை அந்த ஃபார்மோடு தானே கோத்துவைக்கும், அதனால் ஆரம்ப வரிகள் ஒழுங்காக வந்து சேரும். பிறகு ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டும் வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த ஃபார்முக்குள்ளும் இல்லாத பெட்டியாக அது நிற்கும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. ஃபார்மை டேபிளுக்கு வெளியே கொண்டுவந்தால் தீர்ந்தது.

இன்னொன்று: கோப்பு ஏற்றும் வசதியைச் சேர்த்த நாளிலிருந்து எல்லா மதிப்புமே நல் என்றால், ஃபார்மின் என்கோடிங் (மதிப்புகளைக் கட்டி அனுப்பும் முறை) மல்ட்டிபார்ட் ஆகியிருக்கும். சர்வ்லெட்டில் மல்ட்டிபார்ட்கான்ஃபிக் அனோடேஷன் இல்லை என்று பொருள். சர்வ்லெட் 3.0-இலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, தனி லைப்ரரி தேவையில்லை.

எல்லா வரிக்கும் ஒரே நேம் கொடுப்பதா, எண் போட்ட நேமா?

என்னைக் கேட்டால் டைனமிக் ஃபார்மில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. வரியைத் திரையில் காட்டுவது சின்ன வேலை. எந்த மதிப்பு எந்த ஆளுக்குச் சொந்தம் என்று சர்வருக்குப் புரியவைப்பதுதான் பெரிய வேலை, அதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே கருவி நேம்.

எல்லா வரிக்கும் 'பெயர்', 'வயது' என்று ஒரே நேம் கொடுத்தால், சர்வ்லெட்டில் கெட்-பாராமீட்டர்-வேல்யூஸ் என்ற மெத்தட் ஒவ்வொன்றுக்கும் ஒரு அரே தரும். பெயர் அரேயின் மூன்றாவதும் வயது அரேயின் மூன்றாவதும் ஒரே ஆளுடையது என்று எடுத்துக்கொள்வோம். டெக்ஸ்ட் பெட்டிகள் வரை இது உண்மைதான், ஏனென்றால் காலியான பெட்டியும் வெற்றுச் சரமாக, தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். செக்பாக்ஸ் அப்படியில்லை. டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ஐந்து பேரில் மூன்றாமவருக்கு மட்டும் டிக் போட்டால், பெயர் அரேயில் ஐந்து, வயது அரேயில் ஐந்து, மாற்றுத்திறனாளி அரேயில் ஒன்றே ஒன்று. அது எண் 0-இல் உட்கார்ந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு ஃபார்மில் இதே தவறைச் செய்தேன். சோதிக்கும்போது முதல் ஆளுக்குத்தான் டிக் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நேரடிப் பயன்பாட்டுக்குப் போன பிறகு, பல குடும்பங்களில் பாட்டிக்குப் போட்ட டிக் குடும்பத் தலைவர் பெயரில் பதிவானது. எர்ரர் எதுவும் வரவில்லை, லாகில் ஒரு வரி இல்லை. உரியவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் அவர் நேரில் வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. பதிவுகளைக் கைப்பட ஒப்பிட்டுத் திருத்தப் பல நாள் ஆனது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்த நாட்கள்தான் காரணம்.

ஆகவே எண் போட்ட நேம் கொடுங்கள்: உறுப்பினர்[0].பெயர், உறுப்பினர்[0].வயது, உறுப்பினர்[1].பெயர் என்று. ஸ்பிரிங் இதைப் பார்த்ததும் ஃபார்ம் ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் லிஸ்டில் தானே நிரப்பிவிடும். வெறும் சர்வ்லெட் என்றால், ஒவ்வொரு வரியிலும் 'வரிச்சாவி' என்று ஒரு மறைவான ஃபீல்டு வையுங்கள். சர்வரில் முதலில் சாவிகளை அரேயாக வாங்கி, ஒவ்வொரு சாவிக்கும் 'பெயர்_சாவி', 'வயது_சாவி' என்று தனித்தனியாகக் கேளுங்கள். டிக் இல்லாத செக்பாக்ஸுக்கு நல் வரும், அந்த நல் அந்த ஆளுக்கு மட்டுமே சொந்தமானது.

ரேடியோ பட்டனுக்கும் இதே கதைதான். எல்லா வரியிலும் 'பாலினம்' என்று ஒரே நேம் இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தேர்வுதான் செய்ய முடியும்.

நடுவில் ஒரு வரியை நீக்கினால் எண் விட்டுப்போகிறதே?

0, 1, 3 என்று வந்தால், ஸ்பிரிங் எண் 2-க்கு ஒரு வெற்று ஆப்ஜெக்டை உருவாக்கி லிஸ்டில் வைத்துவிடும். நீங்கள் கவனிக்காவிட்டால் பெயரில்லாத ஓர் உறுப்பினர் டேட்டாபேஸில் ஏறுவார். சப்மிட் ஆகும் முன் ஜாவாஸ்கிரிப்டில் எண்களை வரிசைப்படுத்தலாம். அதைவிட நான் நம்புவது சர்வரில் வெற்று வரிகளை வடிகட்டுவதை. ஜாவாஸ்கிரிப்ட் என்ன செய்தாலும் சர்வர் தன் வேலையைச் செய்ய வேண்டும். வெற்றா என்று தீர்மானிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம்: பெயர் மட்டும் காலி, வயது நிரப்பியிருக்கிறது என்றால் அது வெற்று வரி அல்ல, பிழையுள்ள வரி. அதைத் தூக்கி எறியாமல் பயனரிடம் திருப்பிக் காட்டுங்கள்.

செக்பாக்ஸில் டிக்கை எடுத்து சேமித்தாலும் பழைய மதிப்பே நிற்கிறது. ஏன்?

டேட்டாபேஸிலிருந்து எடுத்த ஆப்ஜெக்டின் மேலேயே ஸ்பிரிங் மதிப்புகளை ஏற்றுகிறது, ஆனால் டிக் இல்லாத செக்பாக்ஸ் வராததால் பழைய 'ஆம்' அப்படியே இருக்கிறது. இதற்காகத்தான் ஸ்பிரிங்கின் செக்பாக்ஸ் டேக், அதே நேமுக்கு முன்னால் அடிக்கோடு போட்ட ஒரு மறைவான ஃபீல்டையும் சேர்த்து எழுதுகிறது. அது வந்து சேர்ந்தால், 'இந்த செக்பாக்ஸ் பக்கத்தில் இருந்தது, டிக் செய்யப்படவில்லை' என்று ஸ்பிரிங் புரிந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் வரியைக் கையால் எழுதுபவர்கள் இந்த மறைவான ஃபீல்டை விட்டுவிடுகிறார்கள். நகலெடுக்கும்போது அதையும் எடுங்கள், அதன் எண்ணையும் மாற்றுங்கள்.

வரிகள் அதிகமானால் சில காணாமல் போகின்றன. வரம்பு ஏதாவது உண்டா?

உண்டு, பல இடங்களில். ஸ்பிரிங் லிஸ்டைத் தானாக வளர்ப்பது 256 வரைதான். அதைத் தாண்டினால் எர்ரர் வரும். மதிப்புகளை ஏற்றும் முறையை அமைக்கும் இனிட்பைண்டர் மெத்தடில் இந்த எண்ணை மாற்றலாம். எர்ரர் வருவதால் இதையாவது கண்டுபிடித்துவிடலாம்.

அப்ளிகேஷனை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் வரம்புகளைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு ரிக்வெஸ்டில் வரக்கூடிய பாராமீட்டர்களின் எண்ணிக்கை நெடுங்காலம் 10000 ஆக இருந்தது, புதிய பதிப்புகளில் 1000. ஒரு வரியில் 5 ஃபீல்டு என்றால் 200 வரியில் வரம்பு தட்டிவிடும். நெடுங்காலமாக டாம்கேட் வரம்புக்கு மேலே வந்தவற்றை விட்டுவிட்டு, லாகில் மட்டும் குறிப்பெழுதி மேலே போகும் வழக்கம் கொண்டது. அப்படி நடந்தால் உங்கள் கோட் பாதிப் பட்டியலை முழுப் பட்டியல் என்று நம்பிச் சேமிக்கும். 'பட்டியலில் இல்லாதவற்றை டேட்டாபேஸிலிருந்து நீக்கு' என்று எழுதியிருந்தால் விளைவை நினைத்துப் பாருங்கள். ஃபார்ம் அனுப்பும் போஸ்ட் ரிக்வெஸ்டின் மொத்த அளவுக்கும் 2 எம்பி என்ற வரம்பு இருக்கிறது.

நான் செய்வது இது: வரிகளின் எண்ணிக்கையை ஒரு மறைவான ஃபீல்டில் ஃபார்மின் தொடக்கத்திலேயே அனுப்பி, வந்து சேர்ந்த வரிகளோடு சர்வரில் ஒப்பிடுவேன். பொருந்தாவிட்டால் சேமிக்கவே மாட்டேன். நூற்றுக்கணக்கான வரிகள் வழக்கமாக வரும் என்றால், ஃபார்மை விட்டுவிட்டு ஜேசனாக அனுப்புவது அல்லது எக்செல் கோப்பாக ஏற்றச் சொல்வது நல்லது. ஒரு மனிதர் 300 வரியைத் திரையில் நிரப்புவதே அவருக்குக் கொடுமை.

தமிழில் நிரப்பினால் எழுத்துகள் சிதைகின்றன. எங்கே தவறு?

எப்படிச் சிதைகின்றன என்று பாருங்கள், இடம் தெரிந்துவிடும். தலையில் சாய்கோடு போட்ட ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ லத்தீன்-1 என்று படித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8-இல் மூன்று மூன்று பைட்டாக வருவதால் இந்தக் கோலம். வெறும் கேள்விக்குறிகள் வந்தால், எழுத்து ஏற்கெனவே அழிந்துவிட்டது. பெரும்பாலும் டேட்டாபேஸ் பக்கத்தில் தேட வேண்டும்.

முதல் வகைக்குக் காரணம்: ரிக்வெஸ்டில் எழுத்துமுறை குறிப்பிடப்படாவிட்டால் சர்வ்லெட் விதிப்படி போஸ்டின் உள்ளடக்கம் லத்தீன்-1 என்றே படிக்கப்படும். செட்-கேரக்டர்-என்கோடிங் மெத்தடில் யூடிஎஃப்-8 கொடுக்க வேண்டும், அதுவும் முதல் பாராமீட்டரைத் தொடுவதற்கு முன். இதைச் செய்யும் உங்கள் ஃபில்டருக்கு (சர்வ்லெட்டுக்கு முன் ஓடும் கோடுக்கு) முன்னால் வேறொரு ஃபில்டர் ஏதோ ஒரு பாராமீட்டரைப் படித்துவிட்டால் பிறகு கொடுப்பது வீண். அதனால் என்கோடிங் ஃபில்டர் வரிசையில் முதலாவதாக இருக்கட்டும். சர்வ்லெட் 4.0 முதல் வெப்-எக்ஸ்எம்எல் கோப்பிலேயே இதை ஒரு வரியில் அறிவிக்கலாம். ஸ்பிரிங் பூட்டில் இது தானாகவே நடக்கிறது.

எழுத்து ஒழுங்காக வந்த பிறகும் இரண்டு இடங்களில் தமிழ்ப் பெயர்கள் அடிபடுகின்றன. ஒன்று வேலிடேஷன். 'பெயரில் எழுத்துகள் மட்டும்' என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால், 'மு'-விலேயே நின்றுவிடும். ம என்பது எழுத்து, ஆனால் உகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' என்ற தனி வகை. இரண்டு வகையையும் அனுமதியுங்கள். கூடவே முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வேண்டும், நம்மவர் பெயர்களில் தலைப்பெழுத்து வரும். தலைப்பெழுத்து மட்டுமே உள்ளவரிடம் 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று கேட்கும் ஃபார்ம்கள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மற்றது நீளம். 'முத்துலட்சுமி' கண்ணுக்கு 7 எழுத்து. ஜாவா எண்ணினால் 13. பைட்டில் 39. பைட் கணக்கில் 30 என்று நீளம் வைத்த டேட்டாபேஸ் நெடுவரிசையில் இந்தப் பெயர் அடங்காது. ஆரக்கிள் டேட்டாபேஸில் வார்ச்சார்2 நெடுவரிசை இயல்பாகப் பைட் கணக்குதான், கேரக்டர் கணக்கு வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும்.

பிழை காட்டித் திரும்பி வரும்போது பயனர் சேர்த்த வரிகள் போய்விடுகின்றன.

ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்த வரி பக்கம் மறுபடி வரும்போது இருக்காது. சர்வரில் லிஸ்டைச் சுற்றி வந்து வரிகளை எழுத வேண்டும். புதிய ஃபார்ம், திருத்தும் ஃபார்ம், பிழையோடு திரும்பும் ஃபார்ம் மூன்றுக்கும் இதே லூப்தான். தைம்லீஃபில் இன்டெக்ஸை முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்டு நேமுக்குள் செருக வேண்டியிருக்கும். விதிகளைச் சோதிக்கும் பீன் வேலிடேஷன் வரிக்குள்ளும் நுழைய வேண்டுமானால் லிஸ்டின் மேல் வேலிட் அனோடேஷன் போடுங்கள். அதை மறந்தால் வரிக்குள் எழுதிய விதிகள் எல்லாம் சோதிக்கப்படாமலே போகும்.

பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும்?

நேமைத் தீர்மானிப்பது நீங்கள் மட்டுமல்ல. யார் வேண்டுமானாலும் எந்த நேமையும் எழுதி அனுப்பலாம். உறுப்பினர்[0].ஒப்புதல் என்று ஒரு பாராமீட்டர் வந்தால், உங்கள் என்டிட்டியில் (டேட்டாபேஸ் டேபிளுக்கான ஜாவா கிளாஸில்) அந்த ஃபீல்டு இருக்குமானால், ஸ்பிரிங் அதையும் நிரப்பிவிடும். டேட்டாபேஸ் என்டிட்டியை நேராக ஃபார்முக்குக் கொடுக்காமல், ஃபார்மில் உள்ளவை மட்டும் கொண்ட தனி கிளாஸ் ஒன்றை எழுதுங்கள். 2022 மார்ச் இறுதியில் வெளியான ஸ்பிரிங்4ஷெல் ஓட்டை பாராமீட்டர்களை ஆப்ஜெக்டில் ஏற்றும் இந்த பைண்டிங் வழியாக நுழைந்ததுதான். ஜாவா 9 அல்லது அதற்கு மேல், டாம்கேட்டில் வார் கோப்பாக ஓடும் அப்ளிகேஷனில், பாராமீட்டரின் நேமில் கிளாஸ் என்று தொடங்கிப் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து உள்ளே போய், டாம்கேட்டின் லாக் அமைப்பை மாற்றி, சர்வரில் ஒரு ஜேஎஸ்பி கோப்பையே எழுதவைக்க முடிந்தது. 5.3.18, 5.2.20 பதிப்புகளில் சரிசெய்தார்கள்.

வரியோடு மறைவாக வரும் உறுப்பினர் ஐடியையும் நம்பாதீர்கள். அது இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானதுதானா என்று சேமிக்கும் முன் கேளுங்கள். பயனர் எழுதியதை ஜேஎஸ்பியில் திருப்பிக் காட்டும்போது ஜேஎஸ்பிக்கான டேக் லைப்ரரியான ஜேஎஸ்டிஎல்லின் அவுட் டேக் வழியாகவே காட்டுங்கள்.

கேள்விகளே டேட்டாபேஸிலிருந்து வர வேண்டும் என்றால்?

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு பதிவு: சாவி, தலைப்பு, வகை, வரிசை, கட்டாயமா, தேர்வுகள். ஜேஎஸ்பியில் வகையைப் பார்த்து டெக்ஸ்ட், செலக்ட், செக்பாக்ஸ் என்று எழுதும் லூப். இதுவரை எளிது. நேமாக ஃபீல்டின் சாவியை வையுங்கள், தலைப்பை வைக்காதீர்கள், தலைப்பு நாளை மாறும். சர்வரில் பாராமீட்டர் மேப்பைச் சுற்றி வந்து கிடைத்ததை எல்லாம் சேமிக்காமல், ஃபீல்டு பட்டியலைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்போது பட்டியலில் இல்லாதது தானே வெளியே நின்றுவிடும், கட்டாயமானது வரவில்லை என்பதும் தெரியும்.

பதில்களை ஒரு பதிலுக்கு ஒரு வரி என்று தனி டேபிளில் வைப்பது பழைய வழி. அறிக்கை எடுக்கும்போது ஜாயின் மேல் ஜாயின் போட்டுக் களைத்துப் போவீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 9.4 முதல் ஜேசனை வைக்கும் ஜேசன்பி நெடுவரிசை இருக்கிறது, நான் அதையே தேர்ந்தெடுப்பேன். எதைத் தேர்ந்தாலும் ஃபார்முக்குப் பதிப்பு எண் கொடுங்கள். 'ஆண்டு வருமானம்' என்றிருந்ததை யாரோ 'மாத வருமானம்' என்று அதே பதிவில் மாற்றிவிட்டால், பழைய பதில்கள் எல்லாம் அந்த நிமிடமே பொய்யாகிவிடும். மாற்றம் வந்தால் புதுப் பதிப்பு, பழைய பதில் பழைய பதிப்பையே சுட்டட்டும்.

மாவட்டம் தேர்ந்தால் வட்டங்கள் மாற வேண்டும். எப்படி?

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களைப் பக்கத்தோடு அனுப்பிவிடுங்கள். வட்டங்களை, மாவட்டம் மாறும்போது ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் வாங்குங்கள். ஒருவர் வேகமாக இரண்டு மாவட்டங்களை மாற்றினால் முதல் பதில் தாமதமாக வந்து இரண்டாவதை அழித்துவிடக்கூடும். வந்த பதில் இப்போதைய மாவட்டத்துக்கானதா என்று பார்த்த பிறகே நிரப்புங்கள். சேமிக்கும்போது அந்த வட்டம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதானா என்று சர்வரில் மறுபடி சோதியுங்கள்.

டாம்கேட் 10-க்கு மாறியதும் எதுவுமே கம்பைல் ஆகவில்லை.

ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. இம்போர்ட்களை மாற்றுங்கள், ஜேஎஸ்டிஎல் ஜாரையும் அதற்கேற்ற பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் என்றால் 6 வேண்டும்.

மௌஸ் பயன்படுத்தாதவர்களுக்கு இந்த ஃபார்ம் எப்படி இருக்கும்?

வரியைச் சேர்த்ததும் கர்சரைப் புது வரியின் முதல் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். நீக்கியதும் அடுத்த வரிக்கு, அதுவும் இல்லையென்றால் 'சேர்' பட்டனுக்கு. இல்லாவிட்டால் கர்சர் பக்கத்தின் தலைக்குப் போய்விடக்கூடும், அப்போது கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவர் மறுபடி முதலிலிருந்து டேப் தட்டி வர வேண்டும். ஒவ்வொரு வரியையும் ஒரு ஃபீல்டுசெட்டில் வைத்து, 'உறுப்பினர் 3' என்று லெஜண்ட் கொடுங்கள். நகலெடுத்த வரியில் ஐடியையும் லேபிளின் ஃபார் மதிப்பையும் மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் ஐந்தாவது வரியின் 'வயது' என்ற சொல்லைத் தொட்டால் முதல் வரியின் பெட்டிக்குக் கர்சர் போகும், திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு ஐந்தாவது பெட்டி பெயரே இல்லாத பெட்டியாகக் கேட்கும். 'நீக்கு' பட்டனிலும் யாரை நீக்குகிறது என்று இருக்கட்டும்: 'உறுப்பினர் 3-ஐ நீக்கு'.